சேகரித்தவர்

பெனார்த் அருங்காட்சியகத்தின் நிலவறையில்
ஆறு மாத ஒப்பந்தம் எனக்கு.
இழுப்பறையைத் திற, சீட்டைப் படி,
கணினியில் ஏற்று, மூடு.
இங்கே சூடேற்றி வேலை செய்வதில்லை.
இடது கைக்கு உறை உண்டு, வலது கைக்கு இல்லை,
தட்டச்சு செய்ய வேண்டுமே.

வெப்பத் தீவுகளின் கரைகள்
பஞ்சின்மேல் படுத்திருக்கின்றன.
சோழியில் மட்டும் நாற்பத்தொரு வகை,
தேநீரில் நனைத்த ரொட்டி நிறத்தில் ஒன்று.
ஐவிரல் சங்குக்கு எண்ணிப் பார்த்தால் ஏழு விரல்.
மீனைக் கொல்லும் ஊசியை
உள்ளே எங்கோ வைத்திருந்த கூம்புச் சங்கு.
மட்டி, ஆளி, யானைமுள்ளி, ஊமச்சி,
பவளத்தைத் துளைத்து அதற்குள்ளேயே
வெளியே வர முடியாமல் பருத்துப்போன ஒன்று.
இத்தனைக்கும் அடியில் ஒரே யோசனைதான்:
ஒரு பாதம், ஒரு வயிறு,
சுண்ணாம்பு கக்கும் ஒரு போர்வை.

"நீங்கள் அந்தப் பக்கம்தானே,
இதெல்லாம் பழக்கமாக இருக்கும்" என்றார் கெத்தின்.
நான் தருமபுரி.
பத்தொன்பது வயதில் கல்லூரிச் சுற்றுலாவில்
முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன்,
அதுவும் பேருந்து கிளம்புகிற நேரத்தில்.
சொல்லவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.
அந்த ஆட்டலை எப்படி எடுத்துக்கொண்டாரோ.

ஒரே ஓர் இடத்தில் வாய் திறந்தேன்.
சுருள் எந்தப் பக்கம் என்று கணினி கேட்டது.
"இடம்" என்றார்.
"வலம்புரி" என்றேன்.
அவர் கூர்நுனியை மேலே பிடிக்கிறார்,
எங்கள் ஆட்கள் கீழே.
எது தலை என்பதில்தான் தகராறு.
இடம் என்றே ஏற்றினேன். சம்பளம் அவர்களுடையது.

எல்லாம் திருமதி ப்ரோபர்ட்டின் சேகரம்.
கடலடித் தந்தி நிலையத்தில் கணவருக்கு உத்தியோகம்,
பதினோரு வருடம், மூன்று தீவுகள்.
சாய்ந்த மெல்லிய கையெழுத்து:
வடக்குக் கரை, வற்றம், கல்லுக்கு அடியில். உயிருடன் எடுத்தது.
உயிருடன் எடுத்தது.
உயிருடன். கொதிநீர். நான்கு நாள் நாற்றம்.
சிறுவன் கொண்டுவந்தான், இரண்டு செப்புக்காசு.
முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளில் வருகிறான் அவன்,
ஒன்றிலும் பெயரில்லாமல்.
ஒரு சீட்டில்: சிறுவனுக்கு இருமல்.
அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு: வேறு சிறுவன்.

நேற்று ஒரு புலிச்சோழி.
செத்தது, தரமில்லை, சிறுவன் கொடுத்தான், காசு தரவில்லை.
திருப்பியதும் பல்வரிசைக்கு இடையிலிருந்து
ஒரு சிட்டிகை மணல் மேசையில் கொட்டியது.
ஊதிவிடப் போனேன்,
கெத்தின் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

உருப்பெருக்கிக்குக் கீழே மணலே இல்லை.
கடுகில் கால்வாசி இருக்கும்,
கோபுரம், தோணி, காது, பித்தான்,
கண்ணாடிபோல் ஒன்றில்
கொன்றவன் போட்ட வட்டத் துளை,
கம்மல் மாட்டலாம், அந்தச் சின்னக் காதுக்கு ஆள் கிடைத்தால்.
ஒற்றை மயிர்த் தூரிகையால் பிரித்துக்கொண்டே போனோம்.
ஐம்பத்து மூன்று வகை.
பதினெட்டுக்கு அவரிடம் பெயர் இல்லை.
"யாரிடமும் இருக்காது" என்றார்,
சம்பள உயர்வு கிடைத்தவர்போல.
அவர் சாண்ட்விச் உறையிலேயே காய்ந்தது.

ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.
சேகரித்தவர்: ?
திருமதி ப்ரோபர்ட்டுக்கு இது தெரியவே தெரியாது.
அலை என்று போட்டால் சிரிப்பார்கள்.
வேறு சிறுவன் என்று ஏற்றினேன்.
ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம் எரிந்தது:
முதற்பெயர் கட்டாயம்.
"குறிப்புகள் கட்டத்தில் போடுங்களேன்" என்றார் கெத்தின்.
போடவில்லை. நட்சத்திரத்தை எரியவிட்டுக் கிளம்பினேன்.

கடல் வெகுதூரம் விலகிப்போயிருந்தது,
பழுப்புச் சேறு, மேலே மழை.
குறுக்கு வழியென்று அதில் இறங்கி நடந்தேன்.
வீட்டு வாசலில் காலணியைத் தட்டப் போனவள்
ஒற்றைக் காலில் நின்றபடி
விளக்கைப் போட்டேன்.